கையில் கொடுத்த சிப்

பேர்லேண்ட், டெக்சாஸ்
14-5-2023

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு, வசந்தாமணி வணக்கத்துடன் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். இதைத்தான் ஃபோனிலேயே சொல்லியாயிற்றே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோன் என்றால் பிள்ளைகள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார்கள். வீடே உட்கார்ந்து கேட்கிறது. நான் சொல்ல வந்தது நம் இருவருக்குள் இருக்க வேண்டியது.

உங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், கூடத்து அலமாரியில் இருந்த பெரிய ஆல்பத்தை, இனியன் தீக்ஷா கல்யாண ஆல்பம் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். பக்கத்துக்கு இருபது வட்டங்கள். சிவப்பு, பச்சை, கறுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு கேசினோவின் பெயர். சூதாடுகிற வீட்டிலா பெண் எடுத்திருக்கிறோம் என்று இவரிடம் குசுகுசுத்தேன். "நீ கம்முனு இரு. அவங்க ஊட்டு விசயம்" என்றார்.

கம்மென்று இருந்தேன். ஆனால் கவனித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வியாழக்கிழமை சீனியர் சிட்டிசன் பஸ்ஸில் அட்லாண்டிக் சிட்டிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பஸ்ஸில் வந்த எல்லோரும் மெஷின்களுக்கு ஓடினார்கள். நீங்கள் ஒரு மேஜையில் ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கிற அந்த வட்டம், ஒரே ஒரு சிப் வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டீர்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்து நாம் தயிர்சாதம் சாப்பிட்டோம். "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டேன். "அவ்வளவுதான்" என்றீர்கள். பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, புடவையைத் திரும்பியும் பார்க்காமல், கடை பெயர் போட்ட மஞ்சள் பையை மட்டும் கேட்டு வாங்கி வருகிறவரைப் போல இருந்தது.

மனதில் தப்பாக நினைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக ஒரு கேள்வி. ஏன் இதைச் சேர்க்கிறீர்கள்? கணக்கு டீச்சருக்குக் காரணம் தெரியாமல் விடை மட்டும் தெரிந்தால் திருப்தி வராது.

அன்புடன்,
வசந்தாமணி

*

பார்சிப்பனி, நியூஜெர்சி
3-6-2023

பிரியமுள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? நீங்கள் ஒரு நாள் சந்தேகப்பட்டீர்கள். என் வீட்டுக்காரர் பதினாலு வருஷமாகச் சந்தேகப்படுகிறார்.

நான் மயிலாப்பூரில் ஒரு பேங்கில் இருபத்தெட்டு வருஷம் கேஷ் கவுன்ட்டரில் இருந்தவள். பிள்ளை முகுந்த் எங்களை இங்கே அழைத்துக்கொண்ட பிறகு விரல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு குளிர்காலத்தில் பொழுது போகாமல் அந்த பஸ்ஸில் ஏறினேன். ஒரு சிப்பை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. நோட்டு எந்த ஊருக்குப் போனாலும் ஒரே நோட்டுதான். இது ஒவ்வொரு கேசினோவுக்கும் வேறு. ஓரத்தில் இருக்கும் வண்ணக் கோடுகளைப் பாருங்கள், ஒரு கேசினோவின் கோடு இன்னொன்றுக்கு வராது. ஐந்து டாலர் பெறுகிற ஒரு வட்டத்துக்கு இவ்வளவு யோசித்து உழைத்திருக்கிறார்களே என்று இருந்தது.

பிறகுதான் இதற்கு ஒரு சங்கமே இருக்கிறது என்று தெரிந்தது. பத்திரிகை உண்டு, வருஷத்துக்கு ஒரு மாநாடு உண்டு. கடிதம் எழுதினால் பெயருக்குக் கீழே உறுப்பினர் எண்ணையும் போடுவது அவர்கள் வழக்கம்.

அந்தக் காலத்தில் இதை யாரும் சேர்க்கவில்லையாம். ஒரு கேசினோ மூடினால், இத்தனை தேதிக்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு மிச்சத்தை அதிகாரிகள் முன்னிலையில் அரைத்துத் தூளாக்கிவிடுவார்கள். சிலவற்றைக் கட்டடத்து சிமென்டோடு கலந்துவிட்டார்கள் என்றும் பத்திரிகையில் படித்தேன். ஜெயித்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள், தோற்றவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. கோட்டுப் பையில் போட்டுவிட்டு மறந்துபோன ஞாபகமறதிக்காரர்கள் காப்பாற்றியதுதான் இன்று எங்களிடம் இருப்பது.

"அம்மா, இன்னும் டென் இயர்ஸ்ல சிப்பே இருக்காது. எல்லாம் ஃபோன்லயே வந்துடும்" என்கிறான் முகுந்த். இருக்கலாம். அப்போது என்னைப் போன்ற பைத்தியங்களின் ஆல்பத்தில்தான் வந்து பார்க்க வேண்டும்.

உங்கள்,
ஜலஜா
உறுப்பினர் எண் 11863

*

பேர்லேண்ட்
20-8-2023

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. முதலில் அதைப் பிரியுங்கள், பிறகு கடிதத்தைப் படியுங்கள்.

டெக்சாஸில் கேசினோ கிடையாதே, உங்களுக்கு எதை அனுப்புவது என்று தவித்தேன். எல்லை தாண்டினால் லூசியானாவில் லேக் சார்ல்ஸ் என்று ஓர் ஊர், இங்கிருந்து இரண்டரை மணி நேரம் என்று செழியன் சொன்னான். "அம்மா, ஒரு சிப்புக்கு முன்னூறு மைல் டிரைவ் பண்ணணுமா?" என்றான். பண்ணினான். பெரியவன் அப்படித்தான், கேள்வி கேட்டுவிட்டுச் செய்வான்.

நீங்கள் சொன்னபடி ஒரு சீட்டு மேஜையில் நின்று, "ஒன் ரெட், சுவனீர்" என்று ஐந்து டாலரை நீட்டினேன். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி, இடது கையை வலது முழங்கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் நீட்டினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதர் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டார். "டேபிள்ல வைங்க மேம்" என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு முகம் செத்துவிட்டது. என் கையிலிருந்து வாங்க மாட்டாரா என்று ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். அப்புறம் மேஜையில் வைத்தேன். அவரும் சிப்பை மேஜையில் தள்ளிவிட்டார்.

அங்கிருந்து திரும்பினால், கோயிலில் வாராவாரம் பார்க்கும் கஸ்தூரிரங்கன் சார் எதிரில் நிற்கிறார்! "டீச்சர், நான் சும்மா பார்க்கலாம்னு வந்தேன்" என்றார். "நானும் சும்மா வாங்கலாம்னு வந்தேனுங்க" என்றேன். இரண்டு பேருமே செழியனிடம் சொல்லிவிடாதே என்பதுபோலச் சிரித்தோம். செழியன் பின்னால்தான் நின்றிருந்தான்.

அரைத்துத் தூளாக்குவார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதிலிருந்து ஒன்று ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. பள்ளியில் ஆண்டுக்கொரு முறை பழைய விடைத்தாள்களை எடைக்குப் போடுவோம். ஒரு வருடம் ஒரு பெண் வட்டத் தேற்றத்துக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு வழியை எழுதியிருந்தாள். கடைசி வரியில் தவறு, மார்க் போட முடியவில்லை. ஆனால் அந்த வழியின் அழகு! அந்த ஒரு தாளை மட்டும் உருவி என் பீரோவில் வைத்தேன். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள் என்று புரிந்தது. நான் ஒரே ஒரு தாளோடு நின்றுவிட்டேன். நீங்கள் பதினாலு வருடம் விடாமல் செய்திருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயம். போன வாரம் பிளானோவிலிருந்து இனியனும் தீக்ஷாவும் இரண்டு நாள் வந்திருந்தார்கள். இரண்டு கார்களில் வந்தார்கள். கேட்டால் "திங்கட்கிழமை மீட்டிங்" என்றான். உங்களிடம் தீக்ஷா ஏதாவது சொன்னாளா?

அன்புடன்,
வசந்தாமணி

*

பார்சிப்பனி
16-9-2023

பிரியமுள்ள சம்பந்தியம்மாவுக்கு,

லேக் சார்ல்ஸ் சிப் வந்தது. அதற்கென்று ஒரு பக்கம் முழுவதையும் ஒதுக்கி நடுவில் வைத்திருக்கிறேன்.

அந்த மனிதர்மேல் வருத்தம் வேண்டாம். மேஜையில் சீட்டுப் போடுகிற டீலர்கள் யார் கையிலும் கொடுக்கக் கூடாது, யார் கையிலிருந்தும் வாங்கக் கூடாது. மேலே கேமரா இருக்கிறது. பணமும் சிப்பும் மேஜை விரிப்பில்தான் கை மாற வேண்டும். ராஜாவே வந்தாலும் மேஜையில்தான்.

இந்த விதியை ஒருத்தர் மீறி ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அட்லாண்டிக் சிட்டியில் சீ லான்டர்ன் என்று ஒரு சின்ன கேசினோ இருந்தது. அது மூடிய கடைசி நாள் நான் போயிருந்தேன். மேஜைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். ரோஸ் என்று ஒரு டீலர், அங்கே இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தவள். ஐந்து டாலரை விரிப்பில் வைத்தேன். அவள் மேலே கேமராவை ஒரு பார்வை பார்த்தாள். சிப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். "ஹூ வில் ஃபயர் மீ டுமாரோ?" என்றாள், நாளைக்கு யார் என்னை வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய சிப்புக்கும் இப்போதையதற்கும் என்ன வித்தியாசம் என்று ஃபோனில் கேட்டீர்கள். பழையது களிமண் கலந்து அழுத்திச் செய்தது, தொட்டால் சாக்பீஸ் போல மிருதுவாக இருக்கும். இப்போதைய சிலவற்றின் உள்ளே எலக்ட்ரானிக் வில்லை வைக்கிறார்கள். எழுதினால் புரியாது. நீங்கள் எதற்கும் உதாரணம் கேட்கிற டீச்சர், அதனால் ரோஸ் கொடுத்ததையே இதில் அனுப்பியிருக்கிறேன். இதுவரை இந்த வீட்டு வாசலைத் தாண்டாத சிப். பொங்கல் வரை உங்களிடம் இருக்கட்டும்.

இரண்டு கார் விஷயத்தை நானும் கேட்டேன். "எல்லாம் ஓகேம்மா" என்றாள். ஓகே என்ற வார்த்தையை நம்புகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது.

உங்கள்,
ஜலஜா
உறுப்பினர் எண் 11863

*

பேர்லேண்ட்
29-10-2023

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சிப் பத்திரமாக வந்து சேர்ந்தது. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்ன சாக்பீஸ் மிருது விரலுக்குப் புரிந்தது. முப்பத்தோரு வருடம் சாக்பீஸ் பிடித்த விரல் அல்லவா. சரஸ்வதி பூஜை, சுண்டல் என்று நாட்கள் ஓடிவிட்டன.

இனியன் தனியாக ஓர் அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறான் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். யார்மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். இதைப் பற்றி நாம் எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. எழுதினால் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டி வரும்.

சிப்பைக் கொஞ்ச நாள் கழித்து அனுப்புகிறேன்.

வசந்தாமணி

*

பார்சிப்பனி
9-3-2024

திருமதி வசந்தாமணி அவர்களுக்கு,

கோர்ட் தீர்ப்பு போன மாதம் வந்துவிட்டது, உங்களுக்கும் தெரியும். இனிமேல் சம்பந்தியம்மா என்று எழுத முடியவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தீக்ஷாவுக்கு நீங்கள் போட்ட நகைகளை முகுந்த் போன வாரம் பிளானோவுக்குப் போய் இனியனிடம் நேரில் கொடுத்துவிட்டான். "ரெண்டு பக்கமும் க்ளீனா முடிச்சுடணும். ஒரு ஸ்பூன்கூட பாக்கி இருக்கப்படாது" என்கிறார் இவர். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய லேக் சார்ல்ஸ் சிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னுடைய சீ லான்டர்ன் சிப்பை அனுப்பிவிடவும். பொங்கலும் போய்விட்டது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜலஜா

*

பேர்லேண்ட்
24-3-2024

மதிப்புக்குரிய ஜலஜா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் "எழுத முடியவில்லை" என்ற இடத்தில் நின்றேன். எழுத விருப்பமில்லை என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சிப்பை அனுப்பியிருக்கிறேன். அதைப் பிரிப்பதற்கு முன் என் தவறைச் சொல்லிவிட வேண்டும்.

சரஸ்வதி பூஜைக்கு, அந்த வருடம் எதிலிருந்து கற்றுக்கொண்டோமோ அதைப் பலகையில் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வேலையில் இருந்தவரை பாடப் புத்தகம், காம்பஸ் பாக்ஸ். ரிட்டயர் ஆனபிறகு வைக்க ஒன்றும் இல்லாமல் ராமாயணப் புத்தகத்தை வைத்து ஒப்பேற்றினேன். போன வருடம் யோசித்துப் பார்த்தால், நான் புதிதாகக் கற்றுக்கொண்டது உங்களிடமிருந்துதான். உங்கள் சிப்பைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த கை, அதற்கும் வைத்துவிட்டது. மனசு யோசிக்கவே இல்லை.

அன்று எடுக்கக் கூடாதே என்று விட்டுவிட்டேன். விஜயதசமி காலையில் துடைத்தேன். சந்தனம் போயிற்று. குங்குமம் அந்த வெளிர்மஞ்சள் களிமண்ணுக்குள் இறங்கியிருந்தது. ஈரத்துணியால் தேய்த்தேன். சிப்பின் நடுவில் இருக்கும் விளக்குப் படத்தின் ஓரம் வரைக்கும் சிவப்பு பரவியதுதான் மிச்சம். அக்டோபரில் எழுதும்போது இதை மறைத்துவிட்டேன். "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிப்போடு, ஆரு வந்து பாக்கப் போறாங்க" என்றார் இவர். அடித்துத் திருத்தி எழுதிய பிள்ளைகளுக்குக்கூட மார்க் போட்டிருக்கிறேன். தாளைக் கிழித்துவிட்டு எழுதவே இல்லை என்ற பிள்ளையை மட்டும் மன்னித்ததில்லை. நான் அந்தப் பிள்ளையாக மாட்டேன்.

ரோஸ் என்ற அம்மாள் உங்கள் கையில் வைத்து மூடிய சிப். நீங்கள் அதை என் கையில் வைத்தீர்கள். நான் இப்படிச் செய்துவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் பத்மநாபன் சார் சொன்னபடி க்ளீனாகத் திருப்பித்தர இதை மட்டும் என்னால் முடியவில்லை.

லேக் சார்ல்ஸ் சிப்பையும் சேர்த்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். அது சீர் இல்லை, கல்யாணத்துக்குச் செய்தது இல்லை. இனியனுக்கும் தீக்ஷாவுக்கும் அதில் ஒன்றுமில்லை. முன்னூறு மைல் போய், முகம் செத்து நின்று, உங்களுக்காக நான் வாங்கியது. பிள்ளைகள் பிரிந்தது அவர்கள் முடிவு. நாமும் பிரிய வேண்டுமா என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

வசந்தாமணி

*

பார்சிப்பனி
13-4-2024

அன்புள்ள வசந்தாமணி,

மூன்று வாரம் காக்க வைத்துவிட்டேன். அதில் முதல் இரண்டு நாள் சுத்தமான கோபம். பொய் சொல்வானேன்? அந்தச் சிவப்பைப் பார்த்ததும் உங்கள் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். அக்டோபரிலேயே சொல்லியிருந்தால் அன்றே ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். ஐந்து மாசம் மறைத்ததுதான் அதிகம் வலித்தது. இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள்.

மூன்றாம் நாள் பஸ் பிடித்து டாம்ஸ் ரிவர் என்ற ஊரில் வால்டர் என்று ஒருவரிடம் கொண்டுபோனேன். எங்கள் சங்கத்தில் மூத்தவர், எண்பத்தி நாலு வயசு. லென்ஸ் போட்டுப் பார்த்தார், இது என்ன கறை என்றார். சரஸ்வதி யார், பலகை எது, கணக்கு டீச்சர் அதன்மேல் ஏன் சிப்பை வைத்தார் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். சிப்பைக் கீழேயும் வைக்கவில்லை. "நாற்பது வருஷத்தில் பீர் கறை பார்த்தாச்சு, சுருட்டுக் கறை, லிப்ஸ்டிக் கறை பார்த்தாச்சு. ஒரு சிப்பை யாரும் கும்பிட்டுப் பார்த்ததில்லை" என்றார். துடைக்காதே, நடந்ததை ஒரு தாளில் எழுதி அதோடு வை, நூறு வருஷம் கழித்துப் பார்க்கிறவனுக்கு அதுதான் வேண்டும் என்றார். விற்றால் விலை போகாது என்பதையும் சொன்னார். நான் விற்கப் போவதில்லை.

இவர் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அது மேஜையில் இருந்தது. "இது என்ன குங்குமம்?" என்றார். உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். மோர்சாதத்தைப் பிசைந்தார். அப்புறம், "ஏண்டி, இத்தனை வருஷமா சேக்கறயே, ஒரு நாளாவது நீ இதை சுவாமிகிட்ட வச்சிருக்கியா? அந்தம்மாவுக்குத் தோணித்தே" என்றார். ஸ்பூன் பாக்கி இருக்கப்படாது என்று சொன்ன அதே மனுஷர். லேக் சார்ல்ஸ் சிப்பை ஆல்பத்தில் அதன் பழைய பக்கத்தில் வைத்தது அவர்தான். தலைகீழாக வைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

தீக்ஷாவிடமும் ஃபோனில் சொன்னேன், ஒளித்து வைக்கிற விஷயம் இல்லை என்று. "அத்தைக்கு லெட்டர் எழுதறியாம்மா? குட். அவங்களைக் கேட்டதா சொல்லு" என்றாள். அத்தை என்றுதான் சொன்னாள். இனியனிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் இஷ்டம்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், வேண்டாம். நாம் பிரிய வேண்டாம். போன கடிதம் அப்படி வறண்டு போனதற்குக் காரணமே, சம்பந்தி இல்லையென்றால் உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாமல் போனதுதான். நம் ஊரில் அதற்கு ஒரு வார்த்தை வைக்கவில்லையே.

ஜூன் மாசம் லாஸ் வேகாஸில் சங்கத்து மாநாடு. இந்த வருஷம் முதல் தடவையாக எனக்கு ஒரு மேஜை கிடைத்திருக்கிறது. மேஜைக்கு இரண்டு பேர் உட்காரலாம். வருகிறவர்களுக்குச் சிப்பை எடுத்துக் காட்டி, பொறுமையாக விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். என் பொறுமை உங்களுக்குத் தெரிந்ததுதான். முப்பத்தோரு வருஷம் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவரை விட்டு நான் வேறு யாரைக் கூப்பிடுவேன்? உங்கள் பெயரில் உறுப்பினர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து நேற்றே அனுப்பிவிட்டேன். கேட்காமல் செய்ததற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அங்கே யார் யாருக்கு என்ன உறவு என்று ஒருவரும் கேட்பதில்லை. கழுத்தில் ஓர் அட்டை, அதில் பெயரும் எண்ணும் மட்டும். நடக்கும்போது தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி பெரிய எழுத்து. உங்கள் முழுப் பெயரை இங்கிலீஷில் போட்டால் எழுத்து சின்னதாகிவிடும் என்று ஆபீஸில் இருந்து எழுதியிருக்கிறார்கள். வசந்தா என்று போடச் சொல்லட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜலஜா
உறுப்பினர் எண் 11863